முன் ஆக்சிலும் இரண்டு எலுமிச்சம்பழங்களும்

எனக்கு வாய் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைச் சாது என்று நினைத்து ஏமாற வேண்டாம். "நான் பூட்டின ஆக்சில் ஒரு நூல் விலகியிருந்தா என் பேரை மாத்தி வச்சிக்கிறேன்" என்று மலாக்காவில், காஜா பெராங்கில் உள்ள கோப்பிக் கடைகளில் எல்லாம் சவால் விட்டுக்கொண்டு திரிந்தவன் நான். நூல் என்பது எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒன்று. யாரும் என் பேரை மாற்றச் சொல்லவில்லை. அதனால் நான் சொன்னது உண்மை என்றே பல வருஷம் இருந்துவிட்டேன்.

மலாயா சுதந்திரம் வாங்கிய அந்த வருஷம் எனக்கு முப்பத்து நாலு வயது. தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் பட்டறையில் ஸ்பிரிங், ஆக்சில் வேலை முழுக்க என் பொறுப்பு. தவுக்கே முன்னால் ஒரு மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பியை உறிஞ்சிக்கொண்டே இருப்பார். வேலையில் தலையிட மாட்டார், ஆனால் கண்ணும் காதும் இங்கேதான் இருக்கும். பட்டறையிலிருந்து கொஞ்ச தூரத்தில், மலாக்காச் செட்டி குடும்பம் ஒன்றின் வீட்டில் பின்புற அறை எங்களுக்கு வாடகை. அவர்கள் கும்பிடுகிற சாமி நம் சாமி, வைக்கிற படையல் நம் படையல். பேச்சு மட்டும் மலாய். வீட்டுக்காரம்மா தங்கமானவர். இருந்தாலும் அந்த வளவில் தமிழில் வாய் திறக்க எனக்கு இருந்த ஒரே ஆள் என் மனைவி. அவள் போன பிறகு நான் தமிழ் பேசுவதே குறைந்துபோனது. சாயங்காலம் அறைக்கு வந்தால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது "ஸ்ஸப்பா" என்பேன், அன்றைக்கு நான் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

அவள் ஏன் போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வருஷத் தொடக்கத்தில் ஊரெல்லாம் இதே பேச்சு. சுதந்திரம் வந்துவிட்டால் நம்மை இங்கே வைத்திருப்பார்களா, குடியுரிமை கொடுப்பார்களா, இல்லை மூட்டை கட்டு என்பார்களா என்று. பயந்த சிலர் தாங்களாகவே இந்தியாவுக்கு மூட்டை கட்டினார்கள். என் மனைவியின் அக்கா குடும்பமும் அதில் ஒன்று. வியாழக்கிழமை புறப்படுகிறோம், அதற்குள் தங்கச்சியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அக்கா ஒரு துண்டுச் சீட்டு எழுதி, பட்டறைக்குக் கொடுத்தனுப்பினாள். நான் ஒரு லோரிக்கு அடியில் கிடந்தேன். எண்ணெய்க் கையோடு வாங்கி சட்டைப் பையில் வைத்தேன். அப்படியே மறந்துபோனேன். வெள்ளிக்கிழமை காலையில்தான் கைக்குத் தட்டுப்பட்டது.

அப்போதே "ஐயோ, மறந்துட்டேன்" என்றிருந்தால் அழுதிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சேதியே இப்பத்தான் வந்துச்சு. உங்க ஆளுங்க எதையும் நேரத்துக்கு அனுப்புறாங்களா?" என்று அவள் குடும்பத்தையே திட்டினேன். ஒரு வாரம் கழித்து அவள் அந்தச் சட்டையைத் துவைக்கும்போது பையில் சீட்டு இருந்தது. சீட்டில் அக்கா தேதி போட்டிருந்தாள். அதைத் தூர எறியக்கூடத் துப்பில்லாத மடையன் நான்.

அவள் கத்தவில்லை. சீட்டை வெயிலில் காயவைத்தாள். காய்ந்ததும் மடித்துத் தன் பெட்டியில் வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்து பெரெண்டாம் என்கிற ஊருக்கும் அப்பால், ரப்பர் பால் வடிக்கிற கித்தாத் தோட்டத்தில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். "மறதி எல்லாருக்கும் வரும்ங்க. நீங்க மறந்ததுக்காகப் போகல" என்று மட்டும் சொன்னாள். அப்போது எனக்கு அது புரியவில்லை. புரியாமல் என்ன, புரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை.

ஏழு மாதம் ஓடியது. அவள் இருந்த தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு பிக்அப் போகும். ஓட்டுகிறவன் என்னைவிட நாலு வயது சின்னவன், சிரித்த முகம், வாயைத் திறந்தால் கிண்டல். அவன்தான் எனக்குத் தபால்காரன். "அண்ணி நல்லாருக்காங்க அண்ணே. உங்கள விசாரிக்கல" என்பான். அடுத்த வாரம், "இந்தத் தடவ விசாரிக்கிற மாதிரி பாத்தாங்க, ஆனா விசாரிக்கல" என்பான். நான் ஸ்பானரை ஓங்குவேன், அவன் ஓடுவான்.

மழைக்காலம் வரப்போகிறது, தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டியின் வயிறு தட்டுகிறது, மேலே தூக்கிக் கொடுங்கள் என்று மளிகைக்கடை முதலாளி பிக்அப்பைப் பட்டறைக்கு அனுப்பினார். அதைக் கொண்டுவந்து நிறுத்திய டிரைவர் அன்று கிண்டல் செய்யவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"அண்ணே, அண்ணி வரேன்னு சொல்லிட்டாங்க."

"எங்க?"

"எங்கயா! இங்கதான், உங்க வீட்டுக்கு. வர்ற சனிக்கிழம சாமான் எறக்கிட்டுத் திரும்பையில கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பெட்டியக் கட்டிக்கிட்டு ரோட்டு முக்குல நிப்பாங்களாம். முன் சீட்ட காலியா வச்சிக்கன்னாங்க."

நான் வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டேன். அடியில் கிடந்தபடி அழுதேன். மேலே எண்ணெய் சொட்டியது, நல்லதாய்ப் போயிற்று.

வண்டியைத் தூக்குவது பெரிய வித்தையில்லை. பட்டை ஸ்பிரிங்கில் கூட இரண்டு பட்டை சேர்த்து, வளைவைக் கூட்டினால் வண்டி தானாக எழுந்து நிற்கும். வினையே அதற்குப் பிறகுதான். ஸ்பிரிங் அதிகமாக வளைந்தால் அதன் நீளம் குறையும். அந்தப் பிக்அப்பில் முன் ஸ்பிரிங்கின் பின் முனை அசையாமல் பூட்டியது, முன் முனைதான் ஆடுவது. அதனால் வளைவு கூடக்கூட ஆக்சில் பின்னால் போகும். அரை அங்குலம் போனது. சக்கரம் மட்கார்டின் பின் விளிம்பை நெருங்கிவிட்டது. முழுசாகத் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. இதை இப்படியே விடுகிற மெக்கானிக்குகள் உண்டு. நான் விட மாட்டேன். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்க இரண்டு இரும்புக் கட்டை செய்தேன். கட்டையின் மேல் துளையும் அடி முளையும் நேருக்கு நேர் இல்லாமல் அரை அங்குலம் தள்ளி இருக்கும். சரியாக வைத்தால் ஆக்சில் முன்னால் நகர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். திருப்பி வைத்தால் இன்னும் அரை அங்குலம் பின்னால் போகும். அதற்காகத்தான் இரண்டு கட்டையிலும் ஒரு பக்கம் உளியால் புள்ளி குத்தி வைத்தேன். புள்ளி முன்னால் பார்க்க வேண்டும். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலையில் வலது பக்கத்தைப் பூட்டினேன். இரண்டு முறை அளந்தேன். மத்தியானம் இடது பக்கத்தில் கை வைக்கும்போது என் புத்தி பட்டறையில் இல்லை. பசாரில் ஒரு துணிக்கடையில் மஞ்சள் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்று பார்த்து வைத்திருந்தேன். கடை மூடுவதற்குள் போக வேண்டும். அறைக்குப் புது முகக்கண்ணாடி வேண்டும், பழையதில் ரசம் போய்விட்டது. அடுப்புத் திரி வேறு மாற்ற வேண்டும். கட்டையை வைத்தேன், போல்ட்டுகளை முறுக்கினேன், கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை இரண்டு பக்கமும் கயிறு பிடித்து அளப்பது என் வழக்கம். அன்றைக்கு அந்தக் கயிறு ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் டிரைவர் வந்தான். வண்டியின் மூக்கில் சின்னதாகப் புது நாட்டுக் கொடி, கையில் சூடம், இரண்டு எலுமிச்சம்பழம். பெரிய வேலை முடிந்து வெளியே போகிற வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எங்கள் பட்டறை வாசலைத் தாண்டாது. தவுக்கேவுக்கும் அது பிடிக்கும், கோப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார். பட்டறை வாசலில் இழுப்புக் கதவு ஓடுகிற இரும்புத் தண்டவாளம் ஒன்று தரையில் நேராகப் பதித்திருக்கும். டிரைவர் அதை ஒட்டி, முன் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பழத்தையும் வைத்தான். சூடம் காட்டினோம். அவன் ஏறி, கிளட்சைப் பையப் பைய விட்டான்.

வலது பக்கம் டப் என்றது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து இடது பக்கம் டப் என்றது.

எத்தனையோ வண்டிகளுக்கு அந்த வாசலில் பழம் நசுங்கிப் பார்த்திருக்கிறேன். ஆக்சில் நேராக இருந்தால் ஒரே சத்தம்தான் வரும். தவுக்கே நாற்காலியிலிருந்து தலையை நீட்டினார்.

"டுவா காலி?" என்றார். இரண்டு தடவையா என்று.

வண்டியை நிறுத்தி, கயிற்றை எடுத்து அளந்திருக்கலாம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திருப்பிப் பூட்ட அரை நாள் ஆகியிருக்கும். அப்புறம் அவள் அடுத்த சனிக்கிழமைதான் வருவாள். அதுகூடப் பரவாயில்லை. கோப்பிக் கடையில் சவால் விட்ட வாய் இருக்கிறதே, அதுதான் முந்திக்கொண்டது.

"சத்து பெசார், சத்து கெச்சில் தவுக்கே" என்றேன். பழம் ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று. வண்டி கொஞ்சம் கோணலாக நின்றிருக்கும் என்று எனக்கு நானே வேறு சொல்லிக்கொண்டேன். டிரைவர் ஜன்னல் வழியாக என்னை ஒருமுறை பார்த்தான். ஓட்டிக்கொண்டு போனான்.

நாலு மணிக்கு வந்துவிடுவார்கள் என்று கணக்கு. நான் இரண்டு மணிக்கே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விரிப்பு விரித்தாயிற்று. வீட்டுக்காரம்மா ஆப்பம் சுட்டு மூடி வைத்திருந்தார். நாலு ஆனது, ஐந்து ஆனது. சாலையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்குப் போனேன். விளக்கு வைத்த பிறகு வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, மழையாக இருக்கும், நாளைக்கு வருவாள் என்று மலாயில் சொன்னார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அன்று விரிப்பின் மேல் படுக்க மனமில்லாமல் தரையில் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மளிகைக்கடை ஆள் வந்து சொன்னான். வண்டி தோட்டத்துக்குப் போகும்போதே பள்ளத்தில் இறங்கிவிட்டது, டிரைவருக்குக் கை முறிந்துவிட்டது, தோட்டத்து மருந்துக்கொட்டகையில் கிடக்கிறான் என்று. பஸ் பிடித்துப் போய் இறங்கி, செம்மண் பாதையில் நடந்தேன். முதலில் கண்ணில் பட்டது வண்டிதான். ஒரு வளைவில் இடது பக்கம் பாதையோரக் கால்வாயில் சாய்ந்து கிடந்தது. கொடி அப்படியே இருந்தது. இடது முன் டயர் பக்கவாட்டில் கத்தி போட்டது போலக் கிழிந்திருந்தது. மட்கார்டின் பின் விளிம்பு பளபள என்று தேய்ந்திருந்தது.

வெள்ளைச் சட்டையோடு சேற்றில் படுத்து அடியில் புகுந்தேன். இடது கட்டையின் முன் பக்கத்தை விரலால் தடவினேன், வழவழ என்று இருந்தது. பின் பக்கம் தடவினேன். புள்ளி அங்கே இருந்தது.

ஆக வலது ஆக்சில் முனை அதன் இடத்தில், இடது முனை ஒரு அங்குலம் பின்னால். எட்டு நூல். பாவி மனுஷன் வழி நெடுக, இடது பக்கம் இழுக்கிற வண்டியை வலது பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்டியிருக்கிறான். வளைவில் குழியில் இறங்கி சக்கரம் மேலே எழும்பியபோது விளிம்பு டயரைக் கிழித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சேற்றில் கிடந்தபோது, அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில், தம்பி வீட்டு வாசலில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். ஏழு மாதத்தில் இளைத்திருந்தாள். தம்பி, "வாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு மரியாதையாக வெளியே நகர்ந்துகொண்டான். கதவுக்குப் பின்னால் அவள் பெட்டி, கயிறு போட்டுக் கட்டினபடி நின்றது.

"நேத்து மூணு மணி நேரம் ரோட்டு முக்குல நின்னேன்" என்றாள். "தோட்டமே பாத்துச்சு. அப்புறந்தான் வண்டி விழுந்த சேதி வந்துச்சு. எப்படிங்க விழுந்துச்சு?"

"வளைவுல வேகமா வந்திருப்பான். அவனுக்கு எப்பவும் விளையாட்டுப் புத்தி."

எப்படி அது வாயில் வந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அவள் என் சட்டையைப் பார்த்தாள்.

"அடியில பூந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"என்ன இருக்கும்? சேறுதான்."

அவள் கையில் ஒட்டியிருந்த அரிசித் தூசைத் தட்டிவிட்டாள். பிறகு, "எலுமிச்சம்பழம் ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசுன்னீங்களாமே" என்றாள். "மருந்துக்கொட்டகையில அந்த டிரைவர் தம்பி சொல்லுச்சு. பழத்த வாங்குனது அதுதானே. ரெண்டும் ஒரே அளவா பாத்துப் பொறுக்குச்சாம். அண்ணன எதுக்கு நாலு பேர் முன்னாடி கேக்கணும்னு பேசாம வந்துருச்சாம்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"நின்னதுக்குக் கோவமில்ல. அக்காவ பாக்காம போனதுக்கும் இப்பக் கோவமில்ல. தப்புப் பண்ணிட்டேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. பெட்டி அந்தா கட்டினபடியே இருக்கு. இப்பவே தூக்கிட்டு உங்க பின்னால நடந்து வரேன்."

இதைவிட ஒரு பெண் எவ்வளவு இறங்கி வர முடியும்? அவள் முகத்தில் கோபமே இல்லை, நான் சொல்லிவிட மாட்டேனா என்கிற ஆசைதான் இருந்தது. எனக்கோ தலைக்கு ஏறிவிட்டது. "வண்டிக்காரன் பேச்ச நம்புவ, கட்டுன புருஷன் பேச்ச நம்ப மாட்ட! என் வேலையில குத்தம் கண்டுபிடிக்க உனக்கு என்ன தெரியும்?" என்று கத்திவிட்டு, படி இறங்கி நடந்தேன். லயத்து ஜனம் முழுக்க எட்டிப் பார்த்தது. மருந்துக்கொட்டகைப் பக்கம்கூடப் போகவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, திரும்பிப் போய்ச் சொல்லிவிடு, திரும்பிப் போய்ச் சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. காஜா பெராங் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

அந்த வாரமே வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். புது டயர் போட்டு, இடது கட்டையைத் திருப்பி, புள்ளி முன்னால் பார்க்க வைத்தேன். கயிறு பிடித்து அளந்தேன், ஒரு நூல் வித்தியாசம் இல்லை. எதற்கென்று தெரியாமல் பசாருக்குப் போய் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். சூடம் இல்லை, சாமி இல்லை. தண்டவாளத்தை ஒட்டி வைத்துவிட்டு, நானே ஏறி வண்டியை நகர்த்தினேன்.

ஒரே சத்தம்.

தவுக்கே நாற்காலியில் இருந்தார். நான் இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன். "இத்து ஹாரி சாயா சாலா, தவுக்கே" என்றேன். அன்றைக்கு என் மேல்தான் தப்பு என்று. ஆயுளில் முதல் தடவையாக அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. கூரை இடியவில்லை, ஒன்றும் ஆகவில்லை. தவுக்கே கோப்பியை ஒரு வாய் குடித்தார்.

"தாவ்லா" என்றார். தெரியுமே என்று.

இவ்வளவுதானா? இதற்கா ஏழு மாதம்? மலாயில் சொல்ல முடிந்ததைத் தமிழில் சொல்ல முடியாதா? வீட்டுக்காரம்மாவிடமும் சொன்னேன், அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். டிரைவரைப் பார்க்கப் போனேன். "உன் கைய நான்தான்டா ஒடச்சேன்" என்றேன். அவன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தான். "சரி அண்ணே, உங்க பேரை இப்ப என்னன்னு மாத்தலாம்?" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அழவும் செய்தோம். கட்டுப் பிரித்து அவன் வண்டி ஓட்டத் தொடங்கும்போது முதல் நடையிலேயே நானும் கூட வருவேன் என்றேன். பஸ்ஸில் தனியாகப் போனால் மறுபடி வாய் என்னை ஏமாற்றிவிடும் என்று பயம். அவன் பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். அதற்கு ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரம் நான் காத்திருந்திருக்கக் கூடாது.

நாங்கள் தோட்டத்துக்குப் போனபோது அவள் தம்பி வாசலிலேயே நின்றான். இந்தியாவுக்குப் போன பெரிய அக்காவிடமிருந்து என் மனைவிக்குக் கடிதம் வந்ததாம். இங்கே வந்துவிடு என்று எழுதியிருந்தாளாம். இவளும் போன திங்கட்கிழமை பினாங்குக்கு ரயில் ஏறிவிட்டாள், கப்பல் புறப்பட்டு மூன்று நாள் ஆயிற்று என்றான். "உங்களுக்குச் சேதி சொல்லட்டுமான்னு கேட்டேன் மச்சான். வேணாம், அவருக்கு எந்தச் சேதியும் நேரத்துக்குப் போய்ச் சேராதுன்னுச்சு."

கதவுக்குப் பின்னால் பெட்டி இருந்த இடத்தில் முறம் சாத்தி வைத்திருந்தது.

டிரைவர் வண்டியைத் திருப்பினான். அந்த வளைவு வந்தது, தாண்டினோம். செம்மண் முடிந்து தார் ரோடு தொடங்கியதும் அவன் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டான்.

"பாருங்க அண்ணே" என்றான், எனக்கு ஆறுதல் சொல்ல வேறு வழி தெரியாமல். "ஒரு பக்கமும் இழுக்கல. நேரா போகுது."

வண்டி நேராகத்தான் போனது. நான் அவள் உட்கார வேண்டிய சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.